குகைக்குப் பெயர் கிடைத்தது. மனிதனுக்கு இடம் கிடைத்ததா?

பழநி மலைத்தொடரில் ஏறிக் கொடைக்கானலைக் காண வருவோர் ஏரியைக் காண்பர், தூண்பாறையைக் காண்பர், அடுத்துத் தவறாது ஒரு குகையைத் தேடிச் செல்வர். வெள்ளையர் காலத்தில் 'சாத்தானின் சமையலறை' எனப்பட்ட அக்குகைக்கு இன்று 'குணா குகை' என்பதே பெயர். 1991-இல் வெளிவந்த 'குணா' என்ற திரைப்படம் ஈந்த பெயர் அது. 2024-இல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' என்ற மலையாளப் படம் வந்தபின் அங்கே கூட்டம் மேலும் பெருகிற்று.

யார் அந்தக் குணா? மனநோய்க்கு ஆளான ஒருவன். மனநோயும், 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வகுத்துள்ள 21 வகைகளுள் அடங்குவதே. அத்தகைய ஒருவனைக் கதைத் தலைவனாக்கிப் பரிவோடு காட்டியது அந்தப் படம். அவன் பெயரை ஒரு மலைக்குகையே சுமந்து நிற்கிறது. நல்லது. ஆனால், குகைக்கு அவன் பெயரைச் சூட்டி மகிழ்ந்த நாம், அவனைப் போன்றோருக்கு வெண்திரையில் என்ன இடம் அளித்தோம்? திரையின் எதிரே அமர்ந்து காண்பதற்கேனும் இடம் அளித்தோமா?

தமிழ்த் திரையுலகு நல்லதே செய்யவில்லை என்று கூறுவார் எவருமிலர். 1959-இல் 'பாகப்பிரிவினை', 1981-இல் 'ராஜபார்வை', 2007-இல் 'மொழி', 2019-இல் 'பேரன்பு' என எண்ணிப் பார்த்துப் பெருமை கொள்ளத்தக்க படங்கள் உண்டு. எனினும் இவை விதிவிலக்குகள். விதி எது? கால் ஊன்றி நடப்பவர் வந்தால் சிரிக்க வேண்டும்; கண் தெரியாதவர் வந்தால் அழ வேண்டும்; கொடியவன் என்றால் அவன் முகத்தில் ஒரு வடு இருந்தாக வேண்டும். கதை முடியுமுன் அற்புதம் ஒன்று நிகழ்ந்து ஊனம் மறைந்தால்தான் அவர் வாழத் தகுதி பெறுவார். 'குருடு', 'நொண்டி', 'ஊமை' என்ற சொற்களை வீசிக் கைதட்டல் வாங்கும் நகைச்சுவைக்கோ கணக்கே இல்லை!

இதைத் தடுக்க விதி இல்லையா? உண்டு, தோழரே! 'குணா' வந்த அதே 1991-இல் மத்திய அரசு வகுத்த தணிக்கை நெறிமுறைகளே, உடலாலும் உள்ளத்தாலும் ஊனமுற்றோரை இழிவு செய்யும் காட்சிகள் கூடாது என்று கூறுகின்றன. விதி ஏட்டில் இருந்தது. ஏளனம் திரையில் இருந்தது. இரண்டும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாமல் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தன!

2024 ஜூலை 8-ஆம் நாள், நிபுண் மல்ஹோத்ரா தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஊனத்தை உலகம் புரிந்துகொள்ள உதவும் நகைச்சுவை வேறு, ஊனமுற்றோரைச் சிறுமைப்படுத்தும் நகைச்சுவை வேறு என்று அது வரையறுத்தது. அவர்களைப் பற்றிப் படம் எடுப்போர் அவர்களையே கலந்து எடுக்க வேண்டும் என்றும் நெறி காட்டிற்று. 'கலைஞனுக்கு விலங்கு பூட்டுகிறீர்களே' என்று குமுறுவோர் இந்த வேறுபாட்டைச் சிந்திக்கட்டும். சிரிக்க வேண்டாம் என்று எவரும் சொல்லவில்லை. எவரைக் கண்டு, எதற்காகச் சிரிக்கிறோம் என்பதே கேள்வி.

இனி, திரையின் எதிர்ப்புறம் பார்ப்போம். அதே மலைத்தொடரில் பேத்துப்பாறை என்ற சிற்றூர் உண்டு. அவ்வூரில் காது கேளாத சிறுமி ஒருத்தி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வீட்டார் தொலைக்காட்சியைச் சுற்றி அமர்ந்து சிரிக்கிறார்கள். எழுத்து வடிவில் உரையாடல் இல்லை. சைகை மொழி இல்லை. அவளுக்குச் சிரிப்பின் காரணம் தெரியாது. பார்வையற்ற முதியவர் ஒருவர் இருப்பின், வசனம் நின்று காட்சி மட்டும் நகரும்போது, அவர் இருளில் விடப்படுகிறார். காட்சியைச் சொல்லி விளக்கும் ஒலிக்குறிப்பு அவருக்கு வேண்டும்.

இவை சலுகைகள் அல்ல. 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 42-ஆம் பிரிவு வழங்கும் உரிமைகள். 2023 ஜனவரியில் 'பதான்' என்ற இந்திப் படத்தின் இணைய வெளியீட்டுக்கு எழுத்துரையும் ஒலிக்குறிப்பும் சேர்க்குமாறு டில்லி உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. 2024 மார்ச்சில் மத்திய அரசு திரையரங்குகளுக்கான வழிமுறைகளை வெளியிட்டது. ஆயினும், பாதிக்கப்பட்டவர் படந்தோறும் வழக்காடித்தான் படம் பார்க்க வேண்டும் என்றால், பேத்துப்பாறைச் சிறுமி டில்லிக்குச் செல்ல எந்தப் பேருந்தில் ஏறுவாள்?

2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் மாற்றுத்திறனாளிகள் 11 இலட்சத்து 79 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர். அவர்களைக் குறிக்கும் சொல்லையே 2010-இல் மாற்றி, தனித் துறையும் கண்டது தமிழகம். 2025 ஏப்ரலில், உள்ளாட்சி அமைப்புகளில் அவர்களை நியமன உறுப்பினர்களாக்கும் சட்டமுன்வடிவுகளை நிறைவேற்றியது தமிழகச் சட்டமன்றம். ஊராட்சி மன்றத்தில் அமரத் தகுதியுடையவருக்குத் தணிக்கைக் குழுவில் அமரத் தகுதி இல்லையா? 2024-ஆம் ஆண்டின் திரைப்படச் சான்றிதழ் விதிகள், வாரிய உறுப்பினருள் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாக இருக்க வேண்டும் என்கின்றன. நல்ல விதி! அதே நீதியை மாற்றுத்திறனாளிகளுக்கும் விதியாக எழுத மத்திய அரசுக்குத் தயக்கம் ஏன்?

நடிப்பு வராது என்பீரோ? செவித்திறனற்ற மார்லி மாட்லின் 1987-இலேயே சிறந்த நடிகைக்கான ஆஸ்கார் பெற்றார். செவித்திறனற்ற டிராய் கோட்சர் 2022-இல் துணை நடிகருக்கான ஆஸ்கார் பெற்றார். திறமை எங்கும் உண்டு. அதற்குத் திறக்கும் கதவுதான் எங்கும் இல்லை.

ஆகவே நாம் கேட்பன மூன்று. தணிக்கை வாரியத்திலும் அதன் குழுக்களிலும் மாற்றுத்திறனாளிகளுக்கு இடம். மானியமும் விருதும் பெறும் ஒவ்வொரு தமிழ்ப் படத்திலும் எழுத்துரையும் ஒலிக்குறிப்பும். தொலைக்காட்சிச் செய்தியில் நாள்தோறும் சைகை மொழி. கருவூலம் காலியாகிவிடாது, மனம் இருந்தால் போதும்.

வாசகத் தோழரே! அடுத்த முறை திரையரங்கில் ஊனத்தைக் காட்டிச் சிரிப்பு மூட்டும்போது, நீர் சிரிக்காதிரும். பக்கத்து இருக்கையில் இருப்பவர் காரணம் கேட்பார், சொல்லும். சட்டம் மலையேறி வருவதற்கு முன்னரே, நம் மனம் அந்தச் சிறுமியின் வீட்டை அடையட்டும்!