சத்தம் போடாத நத்தார் வெடி



மார்கழி பிறந்தால் இந்தப் பக்கத்தில் கேக் அடிப்பதைப் பற்றியோ பாலன் குடில் கட்டுவதைப் பற்றியோ எழுதும்படி கேட்பீர்கள். இம்முறை ஒரு கடதாசிச் சுருளைப் பற்றி எழுதப்போகிறேன். கிறிஸ்மஸ் கிறாக்கர் என்று அதற்குப் பெயர். கொழும்பில் பெரிய கடைகளில் நத்தாருக்குப் பெட்டி பெட்டியாக விற்பார்கள். எங்கள் ஊர்ப் பக்கங்களில் கண்டவர்கள் குறைவு. பெரிய ரொபி ஒன்றைக் கடதாசியில் சுற்றி இரண்டு பக்கமும் முறுக்கி வைத்தது போல இருக்கும். இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்தால் "டப்" என்ற சத்தத்தோடு கிழியும். உள்ளே ஒரு கடதாசி முடியும், ஒரு சின்னச் சாமானும், ஒரு துண்டில் பகிடியோ விடுகதையோ இருக்கும்.

வெடி என்றதும் உங்களில் பலருக்கு நெஞ்சு ஒரு தரம் இடித்திருக்கும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான்.

2013 மார்கழியில் லண்டனிலிருந்து அக்கா வந்தார். 1990இல் போனவர், அதன்பின் அதுதான் முதல் தடவை. பதின்மூன்று வயது மகளையும் கூட்டிவந்திருந்தார். நாங்கள் அப்போது வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வீட்டுக்கு வந்து சில மாதங்கள்தான். சுவர் பூசவில்லை, கதவுக்கு வர்ணம் இல்லை. அம்மாவும் நானும் என் மகனும் அதில் இருந்தோம்.

பெறாமகள் வந்திறங்கிய அன்றே அழுதுகொண்டுதான் வந்தாள். எங்களுக்கென்று ஒரு பெட்டி கிறாக்கர் வாங்கியிருக்கிறாள். விமான நிலையத்தில் அதை எடுத்துவிட்டார்கள். உள்ளே கொஞ்சம் வெடிமருந்து இருப்பதால் பல விமான சேவைகள் அதைக் கொண்டுபோக விடுவதில்லை. இந்தக் கதையைக் கேட்ட அம்மா, "நல்லதாப் போச்சு. அந்தச் சாமான் இந்த வீட்டுக்கு வேண்டாம்" என்று மட்டும் சொன்னார்.

அம்மா அப்படிச் சொன்னது என் மகனை நினைத்து. 2009இல் அவனுக்கு ஆறு வயது. பங்கருக்குள் இருந்தபடி, ஷெல் குத்துகிற சத்தத்துக்கும் விழுகிற சத்தத்துக்கும் இடையில் எண்ணப் பழகியவன். பள்ளிக்கூடத்தில் எண் படிக்க முன்னரே அவனுக்கு அந்தக் கணக்குத் தெரியும். முகாமில் இருந்தபோதும், அதற்குப் பிறகும், நத்தார் நடுச்சாமத்தில் யாராவது சீனவெடி கொளுத்தினால் கட்டிலுக்குக் கீழே போய்விடுவான். அங்கிருந்து மெதுவாக எண்ணுவது எனக்குக் கேட்கும்.

பெறாமகளுக்கு இது ஒன்றும் தெரியாது. அடுத்த நாள், "சித்தி, நாங்களே செய்வம். ஸ்கூலிலை செய்திருக்கிறன்" என்று வந்து நின்றாள். வாசலில் நின்ற மகன், "சத்தம் வருமோ?" என்று கேட்டான். "வராது, அதுக்குள்ள போடுற ஸ்நாப் இங்க இல்லை" என்றாள் அவள். "அப்ப அது என்னத்துக்கு?" என்று அவன் கேட்டான். அவளிடம் பதில் இல்லை. நல்ல கேள்விதானே.

அந்தச் சத்தம் வந்த கதை சுவாரசியமானது. பெறாமகள் பாதி சொன்னாள், மீதியைப் பின்னர் நான் வாசித்து அறிந்தேன். லண்டனில் ரொம் ஸ்மித் என்று ஒரு இனிப்புக் கடைக்காரர் இருந்தார். 1840களில் பரிஸ் நகருக்குப் போனபோது, சீனிப்பாகு பூசிய பாதாம்பருப்பை மெல்லிய கடதாசியில் சுற்றி இரண்டு பக்கமும் முறுக்கி விற்பதைக் கண்டார். திரும்பி வந்து தானும் அப்படியே செய்து விற்றார். நத்தாருக்கு விற்பனையாகும், மற்ற நாட்களில் கிடக்கும். இனிப்போடு ஒரு காதல் வரியை எழுதி வைத்துப் பார்த்தார். 1847இல் கிறாக்கர் பிறந்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் சத்தம் வந்தது அதற்குச் சில ஆண்டுகள் கழித்து, 1860 அளவில்தான். அடுப்பில் எரிந்த விறகு படபடத்து வெடித்ததைக் கேட்டு அவருக்கு அந்த யோசனை வந்தது என்று ஒரு கதை உண்டு. இரண்டு மட்டைக் கீலங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, நடுவில் சில்வர் புல்மினேற் என்ற இரசாயனத்தை மிக மிகச் சிறிதளவு தடவுவார்கள். இழுக்கும்போது உரசி வெடிக்கும். இன்று பிரித்தானியாவில் பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குக் கிறாக்கர் விற்பது சட்டப்படி குற்றம்.

ஸ்மித் 1869இல் இறந்தபின் பிள்ளைகள் தொழிலை நடத்தினார்கள். கடதாசி முடியை உள்ளே வைத்தது வோல்ற்றர் என்ற மகன் என்பார்கள். தொழிற்சாலைகளில் இருந்து சுருட்டியவர்களில் பெரும்பாலானோர் பெண்களும் சிறுமிகளும். அவர்களுடைய பெயர் எங்கும் இல்லை. லண்டனில் பின்ஸ்பெரி சதுக்கத்தில் ஒரு குடிநீர் ஊற்று இருக்கிறது. ஸ்மித்தின் மனைவி மார்த்தாவின் நினைவாக அந்தப் பிள்ளைகள் கட்டிக்கொடுத்தது. நான் அந்த ஊருக்குப் போனதில்லை, அக்கா ஒருநாள் போய்ப் படம் எடுத்து அனுப்பினார்.

இப்படிப் பார்த்தால் சத்தம் இடையில் வந்து சேர்ந்ததுதான். கடதாசியும் இனிப்பும் எழுதிய துண்டும்தான் முதலில் இருந்தவை. சத்தத்தை எடுத்துவிட்டால் கிறாக்கர் குறைந்து போகாது என்று நான் மகனுக்குச் சொன்னேன். அவன் நம்பியதாகத் தெரியவில்லை.

செய்கிற முறையைச் சொல்கிறேன். லண்டனில் ரோய்லெற் பேப்பர் சுற்றி வரும் மட்டைக் குழாயைப் பாவிப்பார்கள். எங்கள் வீட்டில் அதற்கு எங்கே போவது? வாளியும் கோப்பையும்தானே. பழைய கலண்டர் மட்டையைப் பத்துச் சென்ரிமீற்றர் அகலத்தில் வெட்டி, ரோச் லைற்றில் சுற்றிக் கோதுமை மாப் பசையால் ஒட்டினோம். இது நடுக்குழாய். இதில் பாதி நீளத்தில் இன்னும் இரண்டு, இரு முனைகளுக்கும். நட்சத்திரக் கூடு ஒட்டி மிஞ்சிய ரிசுக் கடதாசி இருந்தது. முப்பது சென்ரிமீற்றர் நீளம், பதினெட்டு அகலம் போதும். மூன்று குழாய்களையும் வரிசையாக வைத்து, இடையில் இரண்டு விரல் இடைவெளி விட்டுச் சுற்றி ஒட்டவேண்டும். ஒரு இடைவெளியை நூலால் கட்டிவிட்டு, மற்றப் பக்கத்தால் சாமானைப் போட்டு, பிறகு அதையும் கட்டவேண்டும். பேச்சு மும்முரத்தில் பெறாமகள் இரண்டை வெறுமையாகவே கட்டிவிட்டாள். திரும்பப் பிரித்தபோது கிழிந்தே போயிற்று.

கிறேப் கடதாசி வேண்டாம். அழகாகத்தான் இருக்கும், ஆனால் இழுக்க இழுக்க நீளுமே தவிரக் கிழியாது. ரிசுக் கடதாசி ஒற்றையாகப் போட்டால் சின்னப் பிள்ளையின் கைக்கும் கிழியும். விற்பதற்குச் செய்யலாமா என்று யாராவது கேட்கக்கூடும். என் அபிப்பிராயம், வேண்டாம். பஸ்ஸில் கொண்டுபோய் இறக்குவதற்குள் எல்லாம் நசிந்துவிடும். வீட்டுக்குச் செய்யுங்கள்.

உள்ளே வைக்கத் தோடம்பழ இனிப்பு, சட்டைப் பொத்தான், ஒரு பென்சில் துண்டு. ரிசுக் கடதாசியில் முடி வெட்டினோம். எழுதும் துண்டில்தான் அதிக நேரம் போனது. பெறாமகளுக்குத் தமிழ் எழுத வராது, மகனுக்கு ஆங்கிலம் வராது. அவள் சொல்ல அவன் எழுதினான். இரண்டு பேரும் ஒரு விடுகதையை அரைமணி நேரம் எழுதினார்கள்.

மகன் ஒவ்வொரு குழாயையும் கட்ட முன் ஒரு கண்ணை மூடி மற்றக் கண்ணால் உள்ளே பார்த்தான். எல்லாவற்றையும் பார்த்தான். யாரும் தடுக்கவில்லை.

எங்கள் சாப்பாட்டுக்கு ஆறு பேர். அம்மா, அக்கா, பெறாமகள், நான், மகன், பக்கத்து வீட்டுச் சகோதரி. அவ சைவம், ஆனாலும் நத்தாருக்கு எங்கள் வீட்டில்தான் சாப்பிடுவா. ஆறு சுருள் முடிந்தது. அம்மா ஏழாவது மட்டையை எடுத்து ரோச் லைற்றில் சுற்றத் தொடங்கினார்.

"ஆருக்கம்மா?" என்று அக்கா கேட்டார்.

"தம்பிக்கு."

தம்பியை நாங்கள் கடைசியாகக் கண்டது 2009 வைகாசியில், வட்டுவாகலில். அதற்குப் பிறகு அம்மா ஏறாத இடமில்லை, எழுதிக் கொடுக்காத கடிதமில்லை. 2011இல் அக்கா லண்டனில் தம்பிக்கு ஆன்ம இளைப்பாற்றிப் பூசை ஒப்புக்கொடுத்தார். யாரோ சொல்லி அம்மாவுக்குத் தெரியவந்தது. ஐந்து மாதம் அக்காவின் தொலைபேசியை அம்மா எடுக்கவில்லை. "உயிரோட இருக்கிற பிள்ளைக்கு" என்பார், வசனத்தை முடிக்கமாட்டார். அக்காவோ, "எத்தினை நாளைக்கு இப்பிடி இருப்பியள்? மனசை ஆத்தத்தானே செய்தனான்" என்று என்னிடம் அழுவார். இருவருக்கும் நடுவில் நான். அக்கா சொன்னதில் பிழை இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அம்மா சொன்னதிலும் இல்லை.

அன்றைக்கு அக்கா, "இல்லாத ஆளுக்கு எதுக்கம்மா" என்று தொடங்கிவிட்டு நிறுத்தினார். எழும்பிக் கிணற்றடிக்குப் போய்விட்டார். அம்மா ஒன்றும் பேசாமல் பசை தடவினார். அம்மா தம்பிக்கு மட்டும்தான் கட்டினார் என்பதைச் சொல்லவேண்டும். என் கணவர் 2008இல் ஷெல் விழுந்து இறந்தவர். அவருக்கு ஒன்று கட்டுவோமா என்று அம்மாவும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அவரை நாங்களே மண்ணுக்குள் வைத்தோம், இடம் தெரியும். அம்மாவிடம் இந்த இரண்டும் வேறு வேறாகவே இருந்தன.

ஏழாவதில் ஒரு தோடம்பழ இனிப்பைப் போட்டு, ஒரு பக்கத்தைக் கட்டாமல் மேசையில் வைத்தார் அம்மா. "விருப்பமான ஆக்கள் ஏதும் எழுதிப் போடுங்கோ" என்றார். நான் எழுதினேன். மகனும் எழுதினான். பிள்ளைகள் படுத்த பிறகும் அக்கா குசினி வாசலில் இருந்தார்.

காலையில் பார்த்தபோது அது கட்டியிருந்தது. அம்மா எதையும் இரட்டை முடிச்சுப் போட்டுத்தான் கட்டுவார். இது அவிழ்க்கக் கூடிய பூமுடிச்சு, அக்கா சின்ன வயதில் எங்களுக்குச் சப்பாத்துக் கட்டிவிடுகிற மாதிரி. அம்மா அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு குடிலுக்குப் பக்கத்தில் வைத்தார்.

நத்தார் மத்தியானம் சாப்பிட முன் வட்டமாக நின்றோம். ஒவ்வொருவரும் கைகளை மார்புக்குக் குறுக்கே போட்டு, வலது கையில் தன்னுடையதையும் இடது கையில் பக்கத்து ஆளுடையதையும் பிடிக்கவேண்டும். அப்போது ஆறு பேரும் ஒரே சங்கிலி. எப்போது இழுப்பது என்று மகனைச் சொல்லச் சொன்னாள் பெறாமகள். அவன் எண்ணினான். ஒன்று, இரண்டு, மூன்று. கடதாசி கிழிந்த சத்தம் மட்டும் சரசரவென்று வந்தது. பொத்தான் ஒன்று சோற்றுச் சட்டிக்குள் போய் விழுந்தது. மகன்தான் முதலில் சிரித்தான். பிறகு தானாகவே "டும்" என்று ஒரு கத்துக் கத்தினான்.

பக்கத்து வீட்டுச் சகோதரிக்குச் சிவப்பு முடி வந்தது. 2009க்குப் பிறகு அவ நிறச் சேலை உடுத்தியதில்லை. "எனக்கு வெள்ளையிலை ஒண்டு வெட்டித் தா பிள்ளை" என்று மகனிடம் கேட்டா. "வெள்ளைக் கடதாசி முடிஞ்சுது மாமி" என்றான் அவன். அது பொய். கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டுத் தலையில் போட்டுக்கொண்டா. சாயம் நெற்றியில் ஒட்டிவிட்டது, பின்னேரம் வரை இருந்தது.

ஏழாவதை யாரும் இழுக்கவில்லை. அக்கா போன பிறகு அம்மா அதைத் தன் றங்குப் பெட்டியில் சேலைகளுக்கு மேல் வைத்தார். அடுத்த வருடம் பெட்டியைத் திறந்தால் உள்ளே எறும்பு. இனிப்பு கரைந்துபோயிருந்தது. கடதாசியைத் துடைத்து, வெயிலில் வைத்து, திரும்பவும் உள்ளே வைத்தார். அதற்குப் பிறகு தம்பிக்குக் கட்டுகிறதில் இனிப்பு வைப்பதில்லை. நீங்களும் யாருக்காவது எடுத்துவைப்பதென்றால் தின்கிற சாமான் வைக்காதீர்கள்.

2019இல் அம்மா காலமானார். றங்குப் பெட்டியில் ஆறு சுருள்கள் இருந்தன, ஒவ்வொரு வருடத்துக்கும் ஒன்று. நாங்கள் அவற்றைப் பிரிக்கவில்லை. முதலாவதில் அந்தப் பூமுடிச்சு அப்படியே இருக்கிறது.

மகன் இப்போது வளர்ந்து வேலைக்குப் போகிறான். கலண்டர் மட்டை வெட்டுவது இன்னும் அவன்தான். எங்கள் வீட்டில் நானும் அவனும், சாப்பாட்டுக்குப் பக்கத்து வீட்டுச் சகோதரியும். போன நத்தாருக்கு அக்கா எடுத்து, எத்தனை கட்டினாய் என்று கேட்டார். நான்கு என்றேன். அங்கே அத்தானோடு அவர்கள் மூன்று பேர். அக்காவும் நான்குதான் கட்டினாராம்.