பழைய ஏசியின் கேஸை யாரிடம் ஒப்படைப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆர்-22 என்னும் குளிர்வாயுவில் ஓடும் புதிய ஏசிகளைத் தயாரிப்பது 2024 டிசம்பர் 31-உடன் நம் நாட்டில் முடிவுக்கு வந்தது. நல்ல காரியம். ஆனால் அதற்கு முன்பே விற்று, வீடுகளிலும் வங்கிகளிலும் அரசு அலுவலகங்களிலும் மாட்டியிருக்கும் ஏசிகளுக்குள் அடைந்து கிடக்கும் வாயுவை என்ன செய்வது என்பதற்கு எங்கள் பக்கம் ஓர் ஏற்பாடும் கண்ணில் படவில்லை. அந்த ஏசிகள் ஒவ்வொன்றாகக் கழற்றப்படுகின்றன. வாயு காற்றோடு போகிறது. இதைக் கண்டித்துத்தான் இந்தக் கடிதம்.

மார்கழியில் கம்பளி போர்த்திக்கொண்டு உட்காரும் மலைக்காரனுக்கு ஏசியைப் பற்றி என்ன கவலை என்று தோன்றலாம். கொல்லிமலையில் எங்கள் திண்ணனூர் நாட்டில் ஏசி வைத்த வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனால் எழுபது கொண்டை ஊசி வளைவும் இறங்கிக் கீழே போய் ஏசி மாட்டுகிறவர்களிலும் கழற்றுகிறவர்களிலும் எங்கள் மலைப் பிள்ளைகள் உண்டு. என் அக்கா மகன் அப்படி ஒரு மெக்கானிக். பழைய ஏசியைக் கழற்றும்போது கேஸை என்னப்பா செய்வாய் என்று கேட்டேன். “தொறந்து விட்டுருவோம் மாமா. புடிச்சு வச்சாலும் வாங்கிக்க ஆள் வேணுமே?” என்றான். அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

அவன் தொழிலில் உள்ள சங்கடம் வெளியில் பலருக்குத் தெரியாது. ஓடுகிற நிலையில் இருக்கும் ஸ்ப்ளிட் ஏசி என்றால், கம்ப்ரஸரை ஓடவிட்டு வாயு முழுவதையும் அவுட்டோர் யூனிட்டுக்குள் இழுத்து வால்வைப் பூட்டிவிடலாம். பம்ப் டவுன் என்பார்கள். கம்ப்ரஸர் செத்துப்போன ஏசியில் அது நடக்காது. பழைய விண்டோ ஏசியில் அப்படிப் பூட்ட வால்வே கிடையாது. அவற்றில் இருந்து வாயுவை எடுக்க ரெக்கவரி மெஷின் வேண்டும், தனிச் சிலிண்டர் வேண்டும், எடை பார்க்கத் தராசு வேண்டும். தினக்கூலிக்கு ஸ்பேனரோடு போகிற பையன் இத்தனையையும் சொந்தக் காசில் வாங்குவானா? வாங்கினாலும், பிடித்த வாயுவைச் சுத்திகரிக்கவோ அழிக்கவோ எங்கே கொண்டுபோவான்? பம்ப் டவுன் செய்து பூட்டிய வாயுவும் தப்புவதில்லை. பழைய இரும்புக் கடையில் காப்பருக்காகக் குழாயை வெட்டும்போது ஒரே சீற்றத்தில் போய்விடுகிறது.

ஒன்றரை டன் ஏசி ஒன்றில் ஏறக்குறைய ஒரு கிலோ ஆர்-22 இருக்கும். ஓசோனை அரிப்பதில் இது பழைய சிஎஃப்சி வாயுக்களைவிடச் சாதுதான்; அவற்றில் இருபதில் ஒரு பங்கு அளவே கெடுதல் செய்யும். வெப்பத்தைப் பிடித்து வைப்பதில் சாது இல்லை. நூறாண்டுக் கணக்கில் ஒரு கிலோ ஆர்-22, ஏறத்தாழ 1,800 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். 750 லிட்டருக்கு மேல் பெட்ரோல் எரித்தால் வரும் புகை அது. மழை முன்னே பின்னே போனால் எங்கள் மிளகுக்கொடிக்கும் காபிக்கும் என்ன ஆகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 1987 மாண்ட்ரியல் உடன்படிக்கையில் இந்தியா 1992-இல் சேர்ந்தது. ஓசோனைக் கெடுக்கும் பொருள்களுக்கான விதிகள் 2000-இலேயே வந்துவிட்டன. மின்னணுக் கழிவு விதிகளில் ஏசியும் அடக்கம். வாழ்நாள் முடிந்த கருவிகளின் குளிர்வாயுவைப் பாதுகாப்பாகக் கையாள வேண்டும் என்று 2023-இல் ஒரு திருத்தமும் வந்தது. எல்லாம் அரசிதழோடு நிற்கிறது.

ஆர்-22 தயாரித்த இந்திய ஆலைகளில் ஒன்று எங்களுக்குப் பக்கத்தில் மேட்டூரில்தான் இருந்தது. அந்த வாயுவைத் தயாரிக்கும்போது எச்எஃப்சி-23 என்ற இன்னும் பொல்லாத துணைவாயு உண்டாகும். அதை வெளியே விடாமல் எரித்தழிக்க வேண்டும், செலவை ஆலைகளே ஏற்க வேண்டும் என்று 2016 அக்டோபரில் மத்திய அரசு நாடு முழுவதும் இருந்த தயாரிப்பாளர்களுக்கு உத்தரவிட்டது. ஆலைக்குள் இருக்கும் வாயுவுக்கு முதலாளி பொறுப்பு என்ற அதே நியாயம், ஆலை வாசலைத் தாண்டி வீட்டுச் சுவருக்கு வந்த வாயுவுக்கு ஏன் இல்லை? ஜப்பானில் 2001 முதல் பழைய ஏசியைத் திரும்ப எடுத்து அதன் வாயுவை மீட்பது தயாரிப்பாளரின் கடமை. அமெரிக்காவில் 1992 முதலே பழுது பார்க்கும்போது தெரிந்தே வாயுவைத் திறந்துவிடுவது குற்றம்.

இந்தக் குழப்பத்தில் வீட்டுக்காரர்களும் ஏமாறுகிறார்கள். “ஆர்-22 தடை ஆயிடுச்சு, கேஸே கிடைக்காது, புதுசு வாங்கிடுங்க” என்று சொல்லி நல்ல ஏசியையும் கழற்ற வைக்கிறார்கள். தடை புதிய கருவிகளின் தயாரிப்புக்குத்தான். நம்மைப் போன்ற நாடுகளில் ஆர்-22 வகை வாயுக்களின் பயன்பாடு 2025-இல் 67.5 சதவீதம் குறைய வேண்டும், 2030-இல் நிற்க வேண்டும். பழுது பார்ப்புக்கு மட்டும் சிறு அளவு 2040 வரை அனுமதி உண்டு. வருடா வருடம் கேஸ் போடச் சொல்வதும் மோசடிதான். ஏசிக்குள் வாயு தேய்வதில்லை. குறைந்தால் ஓட்டை இருக்கிறது. அதை அடைக்க வேண்டும்.

வாயு அருகிப்போவதால் கலப்படமும் நுழையும். 2011-இல் வெளிநாட்டுத் துறைமுகங்களில் குளிர்பதனக் கன்டெய்னர்கள் வெடித்து மூன்று தொழிலாளர்கள் இறந்தார்கள். அவற்றில் நிரப்பியிருந்தது போலி வாயு. உள்ளே இருந்த மெத்தில் குளோரைடு அலுமினியத்தோடு வினைபுரிந்து, காற்றுப் பட்டாலே தீப்பற்றும் பொருளாகிவிட்டது. நம் ஊரிலும் ஆர்-22 ஏசியில் புரொப்பேன் கலந்த வாயுவை நிரப்பிவிட்டுப் போகிறவர்கள் இருப்பதாக மருமகன் சொல்கிறான். அதற்கென்றே வடிவமைத்த ஏசியில் அளவோடு போட்டால் புரொப்பேன் நல்ல வாயுதான். பழைய ஏசியில், மூடிய படுக்கையறையில், அது சமையல் கேஸ் கசிவதற்குச் சமம்.

தமிழ்நாடு மாசுக்கட்டுப்பாட்டு வாரியமும் நாமக்கல் மாவட்ட நிர்வாகமும் செய்ய வேண்டியது பெரிய திட்டம் அல்ல. மாவட்டத்துக்கு ஒரு வாயு சேகரிப்பு நிலையம். அங்கே மெக்கானிக்குகள் எடுத்துப்போய்த் திருப்பித் தரச் சில ரெக்கவரி மெஷின்கள். கொண்டுவரும் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு தொகை. அந்தத் தொகையைத் தயாரிப்பு நிறுவனங்களிடம் வசூலிக்கட்டும். கொல்லிமலையில் அரசுத் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. மலைப் பிள்ளைகளுக்கு வாயு மீட்கும் பயிற்சியை அங்கேயே கொடுக்கலாம். செப்டம்பர் 16 ஓசோன் நாளில் பள்ளிப் பிள்ளைகளை வெயிலில் நிறுத்தி உறுதிமொழி வாசிக்க வைப்பதைவிட அது பயன்படும்.

முதலில் அரசு தன் வீட்டில் இருந்து தொடங்கலாம். கழிவு செய்த ஏசிகளை அலுவலகங்கள் ஏலம் விடும்போது, ஏலம் எடுத்தவர் தூக்கிச் செல்லும் முன் வாயுவை மீட்டு, எத்தனை கிலோ என்று எழுதிச் சான்று தர வேண்டும் என ஏல நிபந்தனைகளில் ஒரு வரி சேர்த்தால் போதும். இதற்குப் புதிய சட்டம் வேண்டாம். மாவட்ட ஆட்சியரின் சுற்றறிக்கை ஒன்றே போதுமானது. அடுத்த ஏல அறிவிப்பிலாவது அந்த வரி வருமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு மிளகு விவசாயி,
திண்ணனூர் நாடு, கொல்லிமலை,
நாமக்கல் மாவட்டம்.