ஒலிம்பிக்கில் இல்லாவிட்டால் விளையாட்டு இல்லையா?

ஒரு விளையாட்டு ஒலிம்பிக்கில் இருந்தால்தான் அதற்கு மதிப்பு என்று நமக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? படித்தவர்கள், நாலு ஊர் பார்த்தவர்கள்கூட இப்படிப் பேசும்போது எனக்குக் கோபம் வருகிறது.

என் தங்கை மகனையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பின்லாந்தில், ஹெல்சிங்கியை ஒட்டிய எஸ்போவில் வேலை பார்க்கிறான். அவன் பெண் அங்கே ஒரு கிளப்பில் அழகியல் குழு ஜிம்னாஸ்டிக்ஸ் பயில்கிறாள். "நிறுத்திடலாம்னு பாக்கறேன் மாமா. உலக சாம்பியன்ஷிப்னு பெரிசா சொல்றாங்க, ஒலிம்பிக்ல கிடையாது. டான்ஸ் மாதிரிதான் இருக்கு" என்றான். போனில் சண்டை வேண்டாமென்று விட்டேன். இங்கே எழுதுகிறேன், அவனும் படிப்பான்.

தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. 13 மீட்டருக்கு 13 மீட்டர் விரிப்பு. அதில் ஆறு முதல் பத்துப் பெண்கள். பந்து, வளையம், ரிப்பன் என்று கையில் எதுவும் கிடையாது. இரண்டரை நிமிடம், கொஞ்சம் முன்னே பின்னே, இசைக்கு இயங்க வேண்டும். இடுப்பில் கிளம்பும் அசைவு முதுகு, தோள், விரல்நுனி என்று அலையாகப் போகும். அது முடிகிற இடத்திலேயே அடுத்தது பிறந்துவிட வேண்டும். தாவல் உண்டு, ஒற்றைக்கால் நிலை உண்டு, ஒருத்தியை மற்றவர்கள் தூக்குவதும் உண்டு. முதல் உலக சாம்பியன்ஷிப் 2000-ல் ஹெல்சிங்கியில் நடந்தது. 2003-ல் சர்வதேச சம்மேளனம் அமைந்தது.

டான்ஸ் என்கிறார்கள். காரணம், ஸ்டாப்வாட்ச் இல்லை, டேப் இல்லை, நடுவர்கள் கண்ணால் பார்த்து மார்க் போடுகிறார்கள். சரி, 1896-ல் ஏதென்ஸில் முதல் ஒலிம்பிக்கிலேயே ஜிம்னாஸ்டிக்ஸ் இருந்ததே? 1904-ல் டைவிங்கும் 1908-ல் ஃபிகர் ஸ்கேட்டிங்கும் வந்தனவே? அதையெல்லாம் டேப் வைத்தா அளந்தார்கள்?

நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். பியேர் தெ குபெர்த்தேன் பெயரைச் சொல்லும்போது எங்கள் முசியேவின் குரலே மாறிவிடும். நவீன ஒலிம்பிக்கின் தந்தை அல்லவா! அந்தப் பெரிய மனிதர் 1912-ல் எழுதியதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. பெண்களுக்கு ஒலிம்பிக் என்பது நடைமுறைக்கு ஒவ்வாது, சுவையாக இராது, அழகியலுக்கும் பொருந்தாது என்பது அவர் கருத்து. அழகியலுக்கு! அவருடைய ஏதென்ஸ் போட்டிக்கு இருபது வருஷம் முன்பே, 1876-ல், இருபது வயதுகூட நிரம்பாத எலின் கல்லியோ ஹெல்சிங்கியில் பெண்களுக்கென்று ஜிம்னாஸ்டிக்ஸ் சங்கம் தொடங்கிவிட்டார். பின்னால் வந்த எல்லி பியோர்க்ஸ்டென், ஆண்களின் பட்டாளத்து டிரில் போலிருந்த பயிற்சியை விட்டு, தாளமும் மூச்சும் கொண்ட ஒன்றை உருவாக்கினார். அந்த வழியில் வந்ததுதான் எங்கள் பெண் இன்று பயில்வது. இதற்கு யாருடைய முத்திரை வேண்டும்?

ஒலிம்பிக்காரர்களுக்குக் குழு என்றாலே என்னவோ சங்கடம். 1952-ல் அதே ஹெல்சிங்கியில், பெண்கள் கையில் கருவியோடு குழுவாகச் செய்யும் போட்டி ஒன்று வைத்தார்கள், சுவீடன் ஜெயித்தது. 1956-ல் மெல்போர்னில் ஹங்கேரி. அதோடு எடுத்துவிட்டார்கள். 1984-ல் ரிதமிக் ஜிம்னாஸ்டிக்ஸைச் சேர்த்தபோது தனிநபருக்கு மட்டும்தான் பதக்கம். அதே வருஷம் ஒத்திசைவு நீச்சலையும் சேர்த்தார்கள், அதில் தனியாக நீந்துவதற்கும் ஒரு தங்கம்! தனியாளாக இருப்பவள் யாரோடு ஒத்திசைவாள்? இரண்டிலும் குழுவுக்கு இடம் கிடைக்க 1996 ஆயிற்று. வழக்கமான ஜிம்னாஸ்டிக்ஸில் டீம் பதக்கம் இருக்கிறதே என்பீர்கள். அது கூட்டல் கணக்கு. ஒவ்வொருத்தியும் தனியாகப் போய்ச் செய்துவிட்டு வருவாள், மார்க்கைக் கூட்டிக்கொள்வார்கள். இங்கே அப்படி இல்லை. ஒருத்தி அரை நொடி பிந்தினால் பத்துப் பேருடைய அலையும் உடையும்.

"வீடியோவுல நம்ம பொண்ணு எதுன்னே தெரியல" என்பது மருமகனின் இன்னொரு குறை. தெரிந்திருந்தால் மார்க் அல்லவா போயிருக்கும்!

முப்பது வருஷத்துக்கு மேல் குமாஸ்தாவாக இருந்தவன் நான். ஒரு கோப்பு எத்தனை மேசை தாண்டும், குறிப்பு எழுதியவர் யார், தப்பைப் பிடித்தவர் யார் என்பதெல்லாம் செக்ஷனுக்குள் எங்களுக்குத் தெரியும். பாராட்டுக் கடிதம் வந்தால் கையெழுத்துப் போட்டவருக்கு வரும். மெமோ வந்தால் மட்டும் எல்லோருக்கும் வரும். அப்படி இருந்துவிட்டு, பத்துப் பேரும் சேர்ந்து ஒரே மார்க்கை வாங்கிக்கொண்டு போவதைப் பார்க்கும்போது எனக்கு எப்படி இருக்கும் என்பது என் வயசுக்காரர்களுக்குப் புரியும்.

ஒலிம்பிக்கில் சேர்த்தால் சந்தோஷம்தான், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் ரிதமிக் குழுவைப் போல ஐந்து பேராகக் குறைத்துக்கொள், டி.வி.யில் முகம் காட்ட ஒருத்தியைத் தனியாக ஆடவிடு என்று கேட்டார்களானால், ஹெல்சிங்கிப் பெண்கள் நன்றி சொல்லிக் கதவைச் சாத்திக்கொள்ளட்டும்.