தெர்னா: கூண்டில் ஏறாதவர்கள்



லிபியாவின் தெர்னா நகரை அழித்த வெள்ளத்துக்காக 2024 ஜூலையில் 12 அதிகாரிகளுக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. சிலருக்கு 27 ஆண்டுகள் வரை. நியாயம் கிடைத்துவிட்டது என்று கோப்பை மூடுவது அநியாயம். அணையைப் பராமரிக்க வேண்டியவர்கள் கூண்டில் ஏறினார்கள். பராமரிக்க முடியாத நாடாக அதை ஆக்கியவர்கள் ஏறவில்லை.

நகருக்கு மேலே ‘வாதி’ எனப்படும் வறண்ட ஆற்றுப்படுகையின் குறுக்கே இரண்டு அணைகள். 1970-களில் யூகோஸ்லாவிய நிறுவனம் கட்டியவை. 1998-லேயே விரிசல்கள் தெரிந்தன. துருக்கி நிறுவனத்துக்கு 2007-இல் பழுதுபார்ப்பு ஒப்பந்தம் போய், வேலை தொடங்கியது 2010-இல்தான். (கடாபி ஆட்சியின் மெத்தனத்துக்கும் இதில் பங்குண்டு.) சில மாதங்களில் கடாபிக்கு எதிரான கிளர்ச்சி வெடித்தது, வேலை நின்றது. பிறகு ஐ.எஸ். தீவிரவாத அமைப்பு வந்தது. அதன்பின் கிழக்கு லிபியாவின் தளபதி ஹஃப்தாரின் படைகள் முற்றுகையிட்டு, 2018-இல் நகருக்குள் புகுந்தன. பராமரிப்புக்கு ஒதுக்கிய 20 லட்சம் யூரோவுக்கு மேற்பட்ட பணம் செலவாகாமலே கிடந்ததை 2021-இல் தணிக்கைத் துறை சுட்டிக்காட்டியது. அணைகளை உடனே கவனிக்காவிட்டால் பேரழிவுதான் என்று 2022-இல் பொறியியல் ஆய்வாளர் அப்துல் வனிஸ் அஷூர் எழுதினார். யார் படிப்பது? திரிப்போலியில் ஓர் அரசு, கிழக்கே இன்னோர் அரசு.

2023 செப்டம்பர் 10 இரவு டேனியல் புயல் வந்தது. பக்கத்து பைதாவில் 24 மணி நேரத்தில் 414 மி.மீ. மழை. அதிகாலைக்குள் இரண்டு அணைகளும் உடைந்தன; 5,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதே புயல் சில நாட்களுக்கு முன் கிரேக்கத்தில் இன்னும் அதிகமாகக் கொட்டியது. அங்கே இறந்தவர்கள் 17 பேர். கிரேக்கத்தில் தலைக்கு மேல் விரிசல் விட்ட அணை இல்லையே என்று கேட்கலாம். தெர்னாவில் அது இருபத்தைந்து ஆண்டுகள் விரிசலோடே நின்றதற்குக் காரணம் மழையா?

புயல் நெருங்கியபோது அதிகாரிகள் தரப்பில் வெளியேறச் சொன்னது ஒரு குரல், வீட்டிலேயே இருக்கச் சொன்னது இன்னொரு குரல். வானிலைத் துறை ஒழுங்காக இயங்கியிருந்தால் பெரும்பாலான உயிர்களைக் காப்பாற்றியிருக்கலாம் என்றார் உலக வானிலை அமைப்பின் அன்றைய பொதுச் செயலாளர் பெட்டேரி தாலஸ்.

இன்று மறுகட்டுமான நிதியத்தின் தலைமையில் இருப்பவர், நகரைப் பிடித்த அதே ஹஃப்தாரின் மகன் பெல்காசிம். மக்கள் கேட்டதோ வேறு: வெள்ளம் வடிந்த ஒரே வாரத்தில், 2023 செப்டம்பர் 18 அன்று, தெர்னா மக்கள் சஹாபா பள்ளிவாசல் முன் திரண்டு விரைவான விசாரணையும், தங்கள் ஊரிலேயே ஓர் ஐ.நா. அலுவலகமும் கேட்டார்கள். மறுநாள் நகரில் தொலைபேசித் தொடர்பு துண்டிக்கப்பட்டது. மக்கள் கேட்ட அந்த விசாரணை பன்னிரண்டு அதிகாரிகளோடு நிற்கக் கூடாது. ஆயுதக் குழுத் தலைவர்கள் வரை போக வேண்டும்.

இப்படிக்கு,
தஞ்சை வாசகர் ஒருவர்