விளையாட்டைத் தடைசெய்தால் வலையின் வேகம் கூடுமா?

எங்கள் ஆய்வு நிறுவன விடுதியில் சென்ற வாரம் ஒரு சுற்றறிக்கை ஒட்டப்பட்டது. இணையவழி விளையாட்டுகளால் வலையமைப்பு முடங்குகிறதாம். இரவு எட்டு முதல் பன்னிரண்டு வரை அவற்றுக்குத் தடையாம். மீறுவோரின் இணைப்பு துண்டிக்கப்படுமாம். மறுநாளே இளநிலை மாணவர் நால்வரின் இணைப்பு துண்டிக்கப்பட்டது. வாய்மொழித் தேர்வு ஒத்திகையின்போது நெறியாளரின் குரல் அறுந்தறுந்து வந்ததாக ஓர் ஆய்வு மாணவி எழுதிய புகாரே இதற்குத் தொடக்கம். புகார் உண்மை, பிடிபட்டவர்கள்தாம் வேறு ஆட்கள்.

துப்பாக்கிச் சண்டை விளையாட்டு ஒன்று சேவையகத்தோடு பரிமாறிக்கொள்வது நொடிக்குச் சில நூறு கிலோபிட் அளவே. காணொளி வகுப்பு ஒன்று அதைப்போலப் பல மடங்கு கேட்கும். தம் கைப்பேசிப் படங்கள் யாவும் இரவுதோறும் தாமாகவே மேகச் சேமிப்பகத்துக்கு ஏறுமாறு அமைத்துவிட்டு உறங்கப்போகும் ஒருவர் (அவர் பேராசிரியராகவும் இருக்கலாம்) மேலேற்றத் தடம் முழுவதையும் நிரப்பிவிடுவார். விளையாடுபவர் நெரிசலை உண்டாக்குபவர் அல்லர். அதை முதலில் உணர்பவர். அவரது திரையில் பிங் என்ற எண் ஓயாமல் தெரிந்துகொண்டிருப்பதால் முதலில் கூச்சலிடுகிறார். கூச்சலிட்டவனையே திருடன் என்று பிடிப்பது எந்த ஊர் நியாயம்?

தாமதம் எங்கே பிறக்கிறது? கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. 1,400 கிலோமீட்டர் இழையைக் கடந்து திரும்ப 14 மில்லிநொடி போதும். மும்பையிலிருந்து சிங்கப்பூர் சென்று திரும்பக் குறைந்தது 40 மில்லிநொடி வேண்டும். அதை எந்தச் சுற்றறிக்கையாலும் குறைக்க இயலாது. ஆனால் மும்பைச் சேவையகத்துக்கு விடியற்காலையில் 30 காட்டும் பிங், இரவு ஒன்பதுக்கு 600 காட்டுமாயின், எஞ்சிய 570 மில்லிநொடி தொலைவில் இல்லை, வரிசையில் இருக்கிறது.

ரவுட்டரின் நினைவகத்தில் பொட்டலங்கள் காத்துநிற்கும் வரிசையைச் சொல்கிறேன். வான் ஜேக்கப்சன் 1988-இல் வகுத்த நெரிசல் தவிர்ப்பு முறையின் வழிவந்த டிசிபி, ஒரு பொட்டலம் தொலைந்த பின்னரே தன் வேகத்தைக் குறைக்கும். நினைவகம் மலிவானதும் கருவி செய்வோர் வரிசையை நீட்டிக்கொண்டே போயினர். பொட்டலம் தொலைவதில்லை, எனவே அனுப்புபவர் அடங்குவதுமில்லை. 10 மெகாபிட் மேலேற்றத் தடத்தில் 1 மெகாபைட் வரிசை நிரம்பினால், கடைசியில் நிற்கும் பொட்டலம் 800 மில்லிநொடி காத்திருக்கும். ரேஷன் கடையில் பத்து மூட்டை வாங்குபவருக்குப் பின்னால் ஒரு தீப்பெட்டி வாங்க வந்தவர் நிற்பது போன்றது இது. ஜிம் கெட்டிஸ் இதற்கு ‘பஃபர்புளோட்’ என்று பெயரிட்டார். கேத்லீன் நிக்கோல்ஸும் அதே ஜேக்கப்சனும் 2012-இல் கோடெல் என்னும் தீர்வை வெளியிட்டனர். ஒவ்வோர் ஓட்டத்துக்கும் தனி வரிசை தரும் எஃப்கியூ-கோடெல் அதே ஆண்டில் லினக்ஸ் கருவகத்தில் சேர்ந்தது. விலை ஏதுமில்லை. வெளித்தடத்தின் உண்மை வேகத்துக்குச் சற்றுக் குறைவாக வரம்பிட்டு அதை இயக்கினால் போதும். தீப்பெட்டி வாங்குபவர் உடனே வாங்கிச் செல்வார்.

நிருவாகமோ கூடுதல் பேண்ட்வித் வாங்கப்போவதாகச் சொல்கிறது. அது ஓரளவு உதவும் என்பதை மறுக்கவில்லை. ஒழுங்கற்ற வரிசை, அகலமான தடத்திலும் ஒருநாள் நிரம்பும்.

மாணவர்களும் குற்றமற்றவர்கள் அல்லர். டிஎன்எஸ் மாற்றினால் பிங் குறையும் என்று ஒருவருக்கொருவர் மருந்து சொல்கிறார்கள். டிஎன்எஸ் பெயரை முகவரியாக்கித் தருவதோடு சரி. ஆட்டம் தொடங்கிய பின் அதற்கு வேலை இல்லை. விபிஎன் வாங்குவது, சேவை நிறுவனம் சுற்றுவழியில் அனுப்பும்போது மட்டுமே பயன்தரும்.

சோதனை எளிது. விடுதியின் நுழைவாயில் முகவரிக்கும் வெளியே உள்ள ஒரு முகவரிக்கும் ஒரே நேரத்தில் பிங் அனுப்புங்கள். இடையில் ஒரு பெரிய கோப்பை மேலேற்றுங்கள். நுழைவாயில் எண்ணே எகிறினால் கோளாறு பெரும்பாலும் வைஃபையில்: 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத அலைவரிசைகள் மூன்றே என்பதை நினைவில் கொண்டு, கம்பி இணைப்புக்கு மாறிப் பாருங்கள். நுழைவாயில் அமைதியாக இருக்க வெளி எண் மட்டும் எகிறினால், வெளித்தட வரிசையே காரணம் என்று ஐயுற வலுவான இடமுண்டு. இதற்குப் பத்து நிமிடம் ஆகும். அளவீடு ஒன்றுகூட இல்லாத ஆய்வேட்டைத் திருப்பியனுப்பும் இதே நிறுவனம், அளவீடு ஒன்றுகூட இல்லாமல் நால்வரைத் தண்டித்திருக்கிறது. விளையாட்டு என்ற சொல்லே குற்றச்சாட்டாகவும் தீர்ப்பாகவும் ஆகிவிட்டது. அந்த நால்வரில் ஒருவர் தொலைவிலுள்ள கணிப்பகத்தில் தம் நிரலை இயக்கி வந்தவர்; அந்த வேலையும் நின்றது.

இணைப்புகளைத் திருப்பித் தருக. இரவுநேர அளவீடுகளை வெளியிடுக. வரிசை மேலாண்மையை இயக்குக. தடை நடைமுறைக்கு வந்து ஆறு நாள் ஆயிற்று. விடுதியில் ஒருவரும் விளையாடவில்லை. நேற்றிரவு ஒன்பதரைக்கு அளந்தேன்: நுழைவாயில் 3 மில்லிநொடி, வெளியே 610.