அட்டை அதே... பாட்டு வேறே!

உங்களிடம் ஒரு கேள்வி. பல வருஷமாகக் கேட்டுப் பழகிய ஒரு பாட்டு. எந்த இடத்தில் எந்த வாத்தியம் வரும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வீர்கள். ஒரு நாள் புது சி.டி. வாங்கிப் போடுகிறீர்கள். அந்த இடம் வருகிறது. அங்கே வேறு என்னவோ கேட்கிறது. என்ன செய்வீர்கள்?

நான் என் காதைச் சந்தேகப்பட்டேன்.

பாட்டு, பீட்டில்ஸின் ‘லெட் இட் பி’. ரெக்கார்டிங் சென்டரில் துண்டுச்சீட்டில் பட்டியல் எழுதிக் கொடுத்து, அறுபது நிமிஷ கேசட்டில் பதிவு பண்ணி வாங்கியது. நடுவில் வரும் ஜார்ஜ் ஹாரிசனின் கிடார், கோயில் மணி ஓய்ந்த பிறகு காதில் நிற்குமே, அப்படித் தழைந்து வரும். பின்னாளில் ஆல்பத்தையே சி.டி.யாக வாங்கினேன். அதே இடத்தில் கிடார் சண்டைக்கு வந்தது! கடைக்காரரிடம் போய்ச் சொன்னேன். “ஒரே பாட்டுதான் சார். உங்க கேசட்டு தேஞ்சிருக்கும்” என்றார்.

கேசட் தேயவில்லை. காதும் கெடவில்லை. பாட்டே இரண்டு!

1969 ஜனவரி 31 அன்று லண்டனில் பதிவானது ஒரே பாட்டுதான். ஆனால், அதன் மேல் ஹாரிசன் இரண்டு முறை கிடார் வாசித்துச் சேர்த்தார். 1969 ஏப்ரலில் ஒன்று, 1970 ஜனவரியில் இன்னொன்று. 1970 மார்ச்சில் வந்த சிங்கிள் ரெக்கார்டில் ஜார்ஜ் மார்ட்டின் முதல் கிடாரை முன்னால் வைத்தார். இரண்டே மாதத்தில் வந்த ஆல்பத்தில் ஃபில் ஸ்பெக்டர் இரண்டாவதை எடுத்துக்கொண்டார். பின்னணி ஊதுகருவிகளையும் உரக்க வைத்தார். கடைசியில் பல்லவி ஒரு தடவை கூடுதலாகவே வரும். பாடகர் அதே, பாட்டு அதே, கேட்கிற அனுபவம் வேறே.

இதைத்தான் ‘மிக்ஸ்’ என்கிறார்கள். குரல் ஒரு தடம், டிரம்ஸ் ஒரு தடம், கிடார் ஒரு தடம் என்று தனித்தனியாகப் பதிவானதை, எது முன்னால், எது பின்னால், எது இடது காதில், எது வலது காதில் என்று முடிவு பண்ணி ஒன்றாக்குகிற வேலை. இது பாட்டுக்கு மேல் சுற்றுகிற ஜிகினாத் தாள் இல்லை. பாதிப் பாட்டே இதுதான். ஒரே பருப்பு, ஒரே புளிதான்; ஆனால் அம்மா வைத்த சாம்பாரும் மெஸ் சாம்பாரும் ஒன்றா?

சிங்கிளுக்கு ஒன்று, ஆல்பத்துக்கு ஒன்று என்று ஏன் செய்தார்கள்? காரணம் உண்டு. நாற்பத்தைந்து சுற்று சிறிய ரெக்கார்ட், ரேடியோவுக்கும் ஜுக்பாக்ஸுக்கும் போகிற சரக்கு. மூன்று நிமிஷத்துக்கு மேல் போனால் ரேடியோக்காரர் முகம் சுளிப்பார். கேட்கிறவர் கையில் இருப்பதோ உள்ளங்கை அளவு ஸ்பீக்கர் உள்ள டிரான்சிஸ்டர். அதில் எடுபட வேண்டும். எல்.பி. அப்படியில்லை. பக்கத்துக்கு இருபது நிமிஷத்துக்கு மேலும் இடம் இருக்கிறது. ‘தி டோர்ஸ்’ குழுவின் ‘லைட் மை ஃபயர்’ 1967-ல் ஆல்பத்தில் ஏழு நிமிஷம். சிங்கிளில் மூன்று நிமிஷம்கூட இல்லை. நடுவில் இருந்த ஆர்கனும் கிடாரும் கத்தரிக்குப் பலி. அந்த வெட்டுப்பட்ட பாட்டுதான் அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போனது.

நம் ஊரிலும் படத்தில் கேட்ட சரணம் இசைத்தட்டில் காணாமல் போனதுண்டே! அதனால் இதில் எனக்குச் சண்டை இல்லை. வடிவத்துக்கு ஏற்ற மாதிரி வெட்டினார்கள், தைத்தார்கள். இரண்டும் கடையில் கிடைத்தன. இஷ்டப்பட்டதை வாங்கலாம்.

என் சண்டை வேறு. பழையதை ஒளித்து வைத்துவிட்டு, புதியதை அதே பெயரில், அதே அட்டையில் விற்கிறார்களே, அதோடுதான்.

‘ஸீ ஸீ டாப்’ என்று டெக்ஸாஸ் தாடிக்காரர்களின் குழு. 1973-ல் ‘ட்ரெஸ் ஓம்ப்ரெஸ்’ என்று ஓர் ஆல்பம் போட்டார்கள். கட்டாந்தரையில் செருப்புக் காலோடு நடக்கிற மாதிரி வறட்டு டிரம்ஸ். அதுதான் அதன் அழகே. எண்பதுகளில் அவர்கள் எலெக்ட்ரானிக் சத்தத்துக்கு மாறி ஓகோவென்று விற்றார்கள். உடனே 1987-ல் பழைய ஆல்பங்களை சி.டி.யாகப் போடும்போது, அந்த டிரம்ஸுக்கும் எண்பதுகளின் எதிரொலியைப் பூசிவிட்டார்கள். தாத்தாவின் பழைய போட்டோவுக்குக் கூலிங் கிளாஸ் மாட்டிவிட்ட கதை. சரியான பழைய மிக்ஸ் சி.டி.யில் வந்தது 2006-ல். நடுவில் பத்தொன்பது வருஷம்! அந்த இடைவெளியில் சி.டி. வாங்கிக் கேட்ட ஒரு பையன், 1973 இப்படித்தான் ஒலித்தது என்று நம்பியிருப்பான். அவனை ஏமாற்றியது யார்?

இதாவது ரசனைக் குறைவு. அடுத்தது அநியாயம்.

ஆஸி ஆஸ்போர்னின் முதல் இரண்டு தனி ஆல்பங்கள் 1980, 1981-ல் வந்தன. பேஸ் கிடார் பாப் டெய்ஸ்லி, டிரம்ஸ் லீ கெர்ஸ்லேக். பிற்காலத்தில் இருவரும் ராயல்டி கேட்டு வழக்குப் போட்டார்கள். 2002-ல் அந்த இரண்டு ஆல்பங்களும் மறுபடி வெளிவந்தபோது, இவர்கள் வாசித்ததை உருவிவிட்டு, வேறு இரண்டு பேரை வைத்துப் புதிதாக வாசிக்கச் செய்து ஒட்டியிருந்தார்கள்! அந்த ஆல்பங்களில் கிடார் வாசித்த ராண்டி ரோட்ஸ் 1982-லேயே விமான விபத்தில் இறந்துபோனவர். அவர் கிடார் மட்டும் அப்படியே இருக்கிறது. பக்கத்தில் நின்று வாசித்த இரண்டு பேரைக் காணோம். இருபது வருஷம் கழித்து வந்தவர்கள், செத்துப்போன மனிதரோடு சேர்ந்து வாசிக்கிறார்கள். கூலி கேட்டவனை வேலையை விட்டு நீக்குவதைப் பார்த்திருக்கிறோம். அவன் செய்து முடித்த வேலையையே சரித்திரத்திலிருந்து நீக்குவதை என்னவென்று சொல்வது? ரசிகர்கள் கொதித்தார்கள். 2011-ல் பழைய பதிவுகள் திரும்பி வந்தன. கொதித்ததால்தான் வந்தன என்பது என் கட்சி.

“சார், பாட்டு அவங்களோடது. மாத்தறதும் அவங்க உரிமை” என்பீர்கள். மாற்றட்டும். எழுத்தாளர் தன் நாவலைத் திருத்தி இரண்டாம் பதிப்பு போடுவதில்லையா? ஆனால், முன்பக்கத்தில் ‘திருத்திய பதிப்பு’ என்று அச்சிடுகிறாரே! அந்த நாணயத்தைத்தான் கேட்கிறேன்.

“புதுசு இன்னும் துல்லியமா இருக்கே” என்பது இன்னொரு வாதம். இருக்கலாம். 1967-ல் ‘சார்ஜன்ட் பெப்பர்’ ஆல்பத்தின் மோனோ மிக்ஸுக்கு பீட்டில்ஸ் உடன் இருந்து கவனித்தார்கள். ஸ்டீரியோ, அவர்கள் இல்லாமலே முடிந்தது. அதிலுள்ள ‘ஷீ இஸ் லீவிங் ஹோம்’ மோனோவில் சற்று வேகமாக, சுருதி கூடி ஒலிக்கும். ஸ்டீரியோவில் மந்தமாக நகரும். 1987-ல் சி.டி.யாக வந்தது ஸ்டீரியோதான். மோனோவை சி.டி.யில் கேட்க 2009 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. துல்லியம் என்ற பெயரில் கிடைத்தது, அவர்கள் பக்கத்தில் இருந்து பார்க்காத மிக்ஸ்!

இதையெல்லாம் பழங்கதை என்று ஒதுக்காதீர்கள். இன்றைக்குத்தான் ஆபத்து அதிகம்.

எல்.பி. காலத்தில் கம்பெனி என்ன மாற்றினாலும், உங்கள் பீரோவில் இருக்கும் ரெக்கார்டைப் பிடுங்கிக்கொண்டு போக முடியாது. இப்போது பாட்டு உங்கள் வீட்டில் இல்லை. எங்கோ ஒரு கம்ப்யூட்டரில் இருக்கிறது. ராத்திரியோடு ராத்திரியாக மாற்றினால், காலையில் உலகம் முழுக்கப் புதுசுதான். 2016-ல் கான்யே வெஸ்ட் ‘தி லைஃப் ஆஃப் பாப்லோ’ ஆல்பத்தை வெளியிட்ட பிறகும் பாட்டுகளை மாற்றிக்கொண்டே இருந்தார். 2022-ல் லிஸோ, பியான்ஸே இருவரின் பாட்டுகளிலும் மாற்றுத்திறனாளிகளைப் புண்படுத்திய ஒரு சொல் நீக்கப்பட்டது. நீக்கியது நியாயம்; கை தட்டுகிறேன். ஆனால் யோசியுங்கள். நல்ல காரணத்துக்காக ஒரே நாளில் மாற்ற முடிகிறதென்றால், கெட்ட காரணத்துக்காகவும் முடியும். ஆஸி ஆஸ்போர்ன் கதை மறுபடி நடந்தால், ஒப்பிட்டுப் பார்க்க உங்களிடம் பழைய தட்டு இருக்காதே!

நேர்மையாகச் செய்ய முடியாதா? முடியும். 2021 முதல் டெய்லர் ஸ்விஃப்ட் தன் பழைய ஆல்பங்களைப் புதிதாகப் பாடி வெளியிட்டார். ஒவ்வொரு பாட்டின் பெயரோடும் ‘டெய்லரின் பதிப்பு’ என்று போட்டார். பழசும் இருக்கிறது, புதுசும் இருக்கிறது. எது எது என்று கேட்கிறவருக்குத் தெரியும். அவ்வளவுதானே விஷயம்?

கம்பெனிகளிடம் நான் கேட்பது இரண்டே இரண்டு. ஒன்று, எந்த வருஷத்து மிக்ஸ், யார் செய்தது, புதிதாக யாராவது வாசித்தார்களா என்பதைப் பாட்டின் பெயருக்குப் பக்கத்திலேயே போடுங்கள். மாத்திரை அட்டையிலும் பிஸ்கட் பாக்கெட்டிலும் தேதி போட முடிகிறது, பாட்டுக்கு முடியாதா? இரண்டு, புதுசை விற்றுக்கொள்ளுங்கள். பழசைக் கண்ணில் காட்டாமல் வைக்காதீர்கள்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். பரணில் கிடக்கும் கேசட்டையும் ரெக்கார்டையும் ‘எல்லாம் நெட்டுல இருக்கே’ என்று பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். நெட்டில் இருப்பது அதுதானா என்று ஒரு தடவை போட்டுக் கேட்டுப் பாருங்கள்.

கேட்கும்போது ஏதோ இடிக்கிற மாதிரி தோன்றினால், காதைச் சந்தேகப்படாதீர்கள். கம்பெனியைச் சந்தேகப்படுங்கள்!