இலை மட்டும் தழைக்குது, காய் வரலையா? வீட்டுத் திராட்சைக் கொடிக்குப் பந்தலும் கவாத்தும்!

நர்சரியில் ஆசையாக வாங்கி வந்த பன்னீர் திராட்சைக் கன்று. முதல் வருஷம் மளமளவென வளர்கிறது. இரண்டாம் வருஷம் மாடி வரை ஏறி, கைப்பிடிச் சுவரைத் தாண்டிவிடுகிறது. மூன்றாம் வருஷமும் இலை, இலை, இலைதான். ஒரு கொத்துகூட இல்லை. ‘இது மலட்டுக் கொடி, வெட்டிப் போட்டுட்டு வேற ஏதாவது வைக்கலாம்’ என்று வீட்டில் பேச்சு ஆரம்பிக்கும்.

கொஞ்சம் பொறுங்கள். பெரும்பாலான வீடுகளில் குறை கொடியில் இல்லை. அதை ஏற்றிய விதத்திலும், வெட்டாமல் விட்டதிலும்தான் இருக்கிறது.

ஏன் காய்ப்பதில்லை?

திராட்சை பழைய தண்டில் காய்க்காது. ஓரளவு முதிர்ந்து பழுப்பு நிறமான கிளையிலிருந்து புதிதாக வெடிக்கும் துளிரில்தான் பூங்கொத்து வரும். குளிர் நாடுகளில் பனிக்காலத்தில் இலை உதிர்த்துத் தூங்கும் கொடி, வசந்தத்தில் தானாகத் துளிர்க்கும். நம் ஊர் வெயிலில் அந்தத் தூக்கமே கிடையாது. அதனால் நுனி மட்டும் நீண்டுகொண்டே போகும். கீழே உள்ள கண்கள் அப்படியே அடங்கிக் கிடக்கும். அவற்றை எழுப்புவது கத்தரிக்கோல்தான்.

இன்னொரு சுவாரஸ்யமான விஷயம். கம்பியைச் சுற்றிக்கொள்ளும் பற்றுக்கம்பியும், பழம் தரும் பூங்கொத்தும் பிறப்பில் ஒன்றுதான். இரண்டுமே இலைக்கு எதிர்ப்பக்கத்தில்தான் முளைக்கும். கண் உருவாகும் சமயத்தில் நல்ல வெயிலும் சத்தும் கிடைத்தால் அது பூங்கொத்தாகும். இலைக்கூட்டத்தின் இருட்டில் உருவானால் வெறும் பற்றுக்கம்பியாகிவிடும். பந்தல் எதற்கு என்பதற்கு இதுவே பதில். கொடியைத் தாங்க மட்டுமல்ல, ஒவ்வொரு கிளைக்கும் வெயில் படும்படி பரப்பி வைக்கவும்தான்.

பந்தல் எப்படி இருக்க வேண்டும்?

தேனி மாவட்டம் கம்பம் பள்ளத்தாக்கில் கல்தூண் நட்டு, கம்பி வலை கட்டி, அதன் மேல்தான் கொடியைப் படர விடுகிறார்கள். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை விளைவது இப்படிப்பட்ட பந்தல்களில்தான். வீட்டுக்கும் அதே முறையைச் சின்னதாகச் செய்துகொள்ளலாம்.

* உயரம் ஆறரை முதல் ஏழு அடி போதும். சின்ன ஸ்டூல் போட்டால் கை எட்ட வேண்டும். எட்டாத பந்தலில் கவாத்து நடக்காது.
* நான்கு மூலைக்கும் கல்தூண் அல்லது ஜி.ஐ. பைப். கம்பியை இழுத்துக் கட்டும்போது தூண் உள்பக்கம் சாயும். எனவே, ஒவ்வொரு மூலைத் தூணுக்கும் வெளிப்பக்கமாக ஓர் இழுகம்பி அவசியம்.
* மேலே ஒன்றரை முதல் இரண்டு அடி இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாகக் கனமான கம்பி. மெல்லிய கட்டுக்கம்பி பாரத்தில் தொய்ந்துவிடும்.
* மழையில் நனைந்த கொடி நிறையக் கனக்கும். மாடிக் கைப்பிடிச் சுவரை மட்டும் நம்பிப் பந்தல் கட்ட வேண்டாம். மின்கம்பிக்கு அருகிலும் வேண்டவே வேண்டாம்.

கொடியை ஏற்றும் முறை

ஜூன், ஜூலையில் வேர்விட்ட கன்றை நடலாம். துளிர்களில் வலுவான ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். பக்கத்தில் ஒரு சவுக்குக் கழி ஊன்றி, அடிக்கு ஒரு கட்டு போட்டு நேராக ஏற்றுங்கள். கட்டுவதற்குப் பழைய பருத்தித் துணி அல்லது வாழைநார் நல்லது. நைலான் கயிறு தண்டு பருக்கும்போது உள்ளே அறுத்துவிடும். பந்தலுக்குக் கீழே தண்டில் வரும் பக்கக் கிளைகளை விடக் கூடாது.

கொடி பந்தலைத் தொட்டதும் நுனியைக் கிள்ளுங்கள். கிளைக்கும் துளிர்களில் இரண்டை எதிரெதிர்த் திசையில் கம்பியோடு கட்டுங்கள். இவைதான் கொடியின் இரண்டு கைகள். இந்தக் கைகளில் வரும் பக்கக் கிளைகளை ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல், சுமார் ஓர் அடி இடைவெளியில் பரப்பிவிடுங்கள்.

கவாத்து: தயக்கம் வேண்டாம்

டிசம்பர்-ஜனவரியில் வெட்டினால் ஏப்ரல்-மேயில் பழம். மே-ஜூனில் வெட்டினால் ஆகஸ்ட்-செப்டம்பரில் பழம். பன்னீர் திராட்சை என்றால், பென்சில் தடிமனில் முதிர்ந்த கிளைகளில் அடியிலிருந்து நான்கு கண் விட்டு வெட்ட வேண்டும். மெலிந்த கிளைகளில் ஒன்றிரண்டு கண் போதும். கடைசிக் கண்ணுக்கு அரை அங்குலம் மேலே, சுத்தமான கவாத்துக் கத்தரியால் ஒரே வெட்டாக வெட்டுங்கள்.

வெட்டிய இடத்தில் தண்ணீர் சொட்டும். கொடி அழுகிறதே என்று பயப்பட வேண்டாம். வேர் வேலை செய்கிறது என்று அர்த்தம், தானாக நின்றுவிடும். இலை மொத்தமும் போய், மொட்டையாக நிற்கும் கொடியைப் பார்த்தால் மனசு கேட்காதுதான். தொழு உரம் வைத்துத் தண்ணீர் விடுங்கள். சுமார் இரண்டு வாரத்தில் கண்கள் வெடிக்கும்.

பல வருஷம் வெட்டாமல் விட்ட கொடி என்றால், முதல் கவாத்தில் கிளைகளை ஒன்றிரண்டு கண்ணோடு குட்டையாக வெட்டிவிடுங்கள். அந்த முறை பழம் குறைவாகவே வரலாம், வராமலும் போகலாம். ஆனால், அப்போது கிளைக்கும் புதுக் கிளைகள் வெயிலில் முதிர்ந்த பிறகு, அடுத்த கவாத்தில் நான்கு கண் விட்டு வெட்டும்போதுதான் உண்மையான சோதனை.

அப்பா நட்ட கொடியோ, மகளின் பிறந்தநாளுக்கு வைத்த கன்றோ... வேரோடு வெட்டி எறியும் முன், இரண்டு முறை கவாத்து செய்து பாருங்கள். வெட்டு ஒன்றுதான், வெட்டும் இடம்தான் வேறு!